வீட்டில் பதியும் டிஸ்டார்ஷன் கிட்டார் ஏன் கலங்கிப் போகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, மடிக்கணினியில் உள்ள ஆம்ப் மென்பொருளின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) முக்கால் பங்குக்கு மேல் திருப்பி, ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) ஓங்கி அடித்தால் ஹெட்போனில் எழும் ஒலி யாரையும் மயக்கும். அதே பதிவை மறுநாள் டிரம்ஸ், பேஸ், குரல் ஆகியவற்றோடு சேர்த்துக் கேட்டால், மழைக்குப் பிந்திய ஊருணித் தண்ணீர்போல எல்லாம் கலங்கி, கார்டில் எந்தெந்தச் சுரங்கள் இருக்கின்றன என்றே பிரித்தறிய முடியாமல் கிடக்கும். காரைக்குடியில் ஐயாவின் ஐயா கட்டிய வீட்டின் மாடி அறையில் சில ஆண்டுகளாகப் பாட்டுகளைப் பதிந்துவரும் நானும் இந்த ஏமாற்றத்தைப் பலமுறை பட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) அங்கே கொஞ்சம் குறைத்து, இங்கே கொஞ்சம் கூட்டி, கடைசியில் கலங்கலும் தெளியாமல் கனமும் போய், கொசு ரீங்காரம் போன்ற ஒன்றோடு கணினியை மூடியிருக்கிறேன். கலங்கல் பிறந்த இடம் வேறு, நான் மருந்து போட்ட இடம் வேறு என்பது விளங்க நெடுநாள் ஆயிற்று. டிஸ்டார்ஷன் கிட்டாரின் தெளிவு, ஒலி அந்த டிஸ்டார்ஷனுக்குள் நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஒரு மின்சுற்றோ மென்பொருளோ தன்னால் தாங்க முடிந்த அளவைவிடப் பெரிய அலையைப் பெறும்போது, அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. இதுதான் டிஸ்டார்ஷன். இப்படி வெட்டுப்பட்ட அலையில், மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. ஒரே ஒரு சுரத்தை மட்டும் வாசித்தால் இந்தப் புதிய அதிர்வெண்கள் யாவும் அந்தச் சுரத்தின் முழு எண் மடங்குகளாகவே இருக்கும்: 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஐந்தாம் தந்திக்கு 220, 330, 440, 550 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழும். அவை ஒன்றோடொன்று இணங்கியே ஒலிப்பதால்தான், கெயினை எவ்வளவு ஏற்றினாலும் ஒற்றைச் சுரமாக வாசிக்கும் லீட் பகுதி பெரும்பாலும் தெளிவாகவே நிற்கிறது.

நம் காதுக்கு இது புதிதும் அன்று. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்து, அதை இம்மி இம்மியாக நகர்த்தி ஜீவா பிடிக்கும்போது, தந்தி குதிரையின் வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு அதிர்ந்து மேற்சுரங்களைப் பெருக்குகிறது. வீணையின் குதிரைமேல் பதித்திருக்கும் வளைந்த உலோகத் தகடும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. (வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்த சுப்பராமையரும், 1952-இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற அவருடைய தம்பி சாம்பசிவையரும் பேர் வாங்கிக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் குற்றமாகிவிடும்.) ஆனால் தம்புராவுக்கும் டிஸ்டார்ஷன் கிட்டாருக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. தம்புராவில் ஒவ்வொரு தந்திக்கும் தனி நூல். ஒரு தந்தியின் ஜீவா மற்றொரு தந்தியின் அலையைத் தொடுவதில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரிலோ ஆறு தந்திகளின் அதிர்வையும் பிக்கப் ஒரே மின்னலையாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது; அந்தக் கூட்டலை மொத்தமாகத்தான் டிஸ்டார்ஷன் வெட்டுகிறது. கலங்கலின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

இரண்டு சுரங்கள் சேர்ந்து வெட்டுப்படும்போது, அவற்றின் மடங்குகள் மட்டுமல்லாமல், அவற்றின் கூட்டுத்தொகையும் வேறுபாடும், ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றொன்றைக் கழித்த அளவும், இன்னும் பலவும் புதிய அதிர்வெண்களாக முளைக்கின்றன. ‘ஏ மேஜர்’ கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்று சுரங்கள் 110, 138.59, 164.81 ஹெர்ட்ஸ். நடுச்சுரத்தின் இரு மடங்கான 277.18-இலிருந்து 164.81-ஐக் கழித்தால் 112.37 கிடைக்கிறது. இது கார்டின் ஆதாரச் சுரமான 110-க்கு மிக அருகில் வந்து உட்கார்ந்துகொண்டு, அதோடு மோதி நொடிக்கு இரண்டு மூன்று விம்மல்களை உண்டாக்குகிறது. 110-ஐயும் 164.81-ஐயும் கூட்டி அதிலிருந்து 138.59-ஐக் கழித்தால் 136.22, அதுவும் கார்டின் நடுச்சுரமான காந்தாரத்துக்கு அருகில் நின்று அதே வேகத்தில் விம்முகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் மேற்சுரங்கள் இருப்பதால் இத்தகைய சேர்க்கைகள் நூற்றுக்கணக்கில் பெருகும். காதில் விழும் சேறு இதுதான்.

இந்த மோதலுக்குக் காரணம், கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் அமைந்திருக்கும் முறை. நம் அந்தர காந்தாரம் ஷட்ஜத்தின் 5/4 மடங்கு. பஞ்சமம் 3/2 மடங்கு. அந்தக் கணக்குப்படி ட்யூன் செய்திருந்தால் மேற்சொன்ன சுரங்கள் 110, 137.5, 165 என்று நின்று, 275-இலிருந்து 165 போக மிச்சம் சரியாக 110 என்று, முளைக்கும் சேர்க்கையும் ஆதாரச் சுரத்திலேயே போய் அடங்கியிருக்கும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கும் கிட்டாரின் ஃப்ரெட் முறையில், பஞ்சமம் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே தாழ்ந்திருக்க, காந்தாரமோ ஆயிரத்தில் எட்டுப் பங்கு உயர்ந்திருக்கிறது. டிஸ்டார்ஷன் இல்லாத கிட்டாரில் இந்தச் சிறு பிசகைக் காது பொறுத்துக்கொள்கிறது. டிஸ்டார்ஷன் அதைப் பூதக்கண்ணாடியில் காட்டுகிறது. ராக் இசைக் கிட்டார் வாசிப்பவர்கள் காந்தாரத்தையே விட்டுவிட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட ‘பவர் கார்டு’ பிடிப்பது சோம்பலால் அல்ல. ப-ஸ-ஸ-ஸ என்று சுருதி சேர்க்கும் தம்புராவும் அந்த இரண்டு சுரங்களோடுதான் நிற்கிறது.

காந்தாரம் இல்லாமல் பாட்டு நிற்காது என்றால் செய்யக்கூடியவை சில உண்டு. பவர் கார்டை ஒரு டிராக்கிலும், காந்தாரத்தை மட்டும் தனியே இன்னொரு டிராக்கிலும் வாசித்துப் பதிந்தால், இரண்டும் தனித்தனி டிஸ்டார்ஷன் வழியாகப் போகும். தம்புராவின் தனித்தனி நூல்களைப் போல ஒன்றின் அலை மற்றொன்றைத் தொடாது. கார்டு முழுவதும் ஒரே டேக்கில் (ஒரே வாசிப்பில்) வர வேண்டுமென்றால், அந்தப் பகுதிக்காக மட்டும் காந்தாரம் விழும் தந்தியை இம்மியளவு தளர்த்தி ட்யூன் செய்யலாம். அடுத்த கார்டு மாறியதும் அது பொருந்தாமல் போகும் என்பதால் துண்டு துண்டாகப் பதிய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். அதைவிட எளியது, வாசிக்காத தந்திகளை இடக்கை விரல்களால் தொட்டு அடக்கி வைப்பது. நாம் மீட்டாவிட்டாலும் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு தந்தி, கெயின் அதிகமுள்ள ஆம்பில் முழு உறுப்பினராகவே கார்டில் சேர்ந்துகொள்ளும்.

கெயினைப் பற்றி. புதிய அதிர்வெண்கள் எவ்வளவு வலுவாக முளைக்கும் என்பது அலை எவ்வளவு ஆழமாக வெட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆழமாக வெட்ட வெட்ட, தந்தியை மீட்டும் முதல் கணத்தின் ‘டக்’ என்ற கூர்மையும், அதைத் தொடர்ந்து ஓயும் ஒலியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன; ஒரு சுரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது மறைகிறது. தனியாக வாசிக்கும்போது நமக்குக் கெயின் போதாததுபோலத் தோன்றுவதற்குக் காரணம், விரல் பிழைகளை அது மூடி மறைப்பதும், ஒலி நீண்டு நிற்பதும்தான். என் அனுபவத்தில், தனியாகக் கேட்கும்போது ‘கொஞ்சம் போதவில்லையே’ என்று தோன்றும் அளவே பாட்டோடு சேரும்போது சரியாக இருக்கிறது.

இங்கே இரவு நேரம் வேறு ஒரு வேலை காட்டுகிறது. கூட்டுக் குடும்ப வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு குறைந்த சத்தத்தில் கிட்டாரின் டோனை அமைப்பவர்களே அதிகம். (பகலில் சத்தமாக வைத்துப் பார்த்தபோது, கீழே வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்திருந்த அப்பத்தா, “மாடில என்னப்பா, மாவா அரைக்கிற?” என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.) குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் சரியாக உணர்வதில்லை, பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே இரவில் நாம் நம்மையறியாமல் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, மிட் பகுதியைக் குழி பறித்துவிடுகிறோம். கிட்டார் பாட்டில் தன் இடத்தைப் பிடிப்பதோ ஏறத்தாழ 400 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான அந்த மிட் பகுதியில்தான். அதைத் தோண்டி எடுத்துவிட்டால், கீழே பேஸ் கிட்டாரும் மேலே சிம்பலும் விழுங்கியது போக நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

டிஸ்டார்ஷனுக்கு முன்பே செய்ய வேண்டியவற்றுள் மிக முக்கியமானது தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பது. தடித்த தந்திகள் எழுப்பும் அலை மற்றவற்றைவிடப் பெரியது. அந்தப் பெரிய அலை உச்சியில் தட்டையாகி நிற்கும் நேரமெல்லாம், அதன்மேல் ஏறிவரும் சிறிய, உயர்ந்த அலைகள் சேர்ந்தே மழுங்குகின்றன. பேஸை வெட்டுவதற்கு முன்பு குறைத்தால் உயர்ந்த அலைகள் பிழைக்கின்றன. வெட்டிய பிறகு குறைத்தால், ஏற்கெனவே மழுங்கியதன் அளவு மட்டுமே குறைகிறது, மழுங்கல் போவதில்லை. நான் ஈக்யூவோடு மல்லுக்கட்டிய இரவுகள் வீணானதற்குக் காரணம் இதுதான்.

பழைய கலைஞர்கள் இதைக் கணக்குப் போடாமலே கண்டுகொண்டார்கள். குவீன் குழுவின் பிரையன் மேயும் பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியும் ஆம்புக்கு முன்னால் ‘டிரெபிள் பூஸ்டர்’ என்ற சிறு கருவியை வைத்து, பேஸ் குறைந்த ஒலியை ஆம்புக்குள் தள்ளினார்கள். இபனேஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் பெடலின் சுற்றும் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைப் படிப்படியாகக் குறைவாகவே பெருக்குகிறது. ஹெவி மெட்டல் பதிவுகளில் இந்தப் பச்சைப் பெடலின் ‘டிரைவ்’ திருகை ஏறக்குறைய பூஜ்யத்திலும் ‘லெவல்’ திருகை உச்சத்திலும் வைத்து, ஏற்கெனவே கெயின் நிறைந்த ஆம்புக்கு முன்னால் போடுவது இதற்காகத்தான். அங்கே அது டிஸ்டார்ஷன் கருவியாக அல்லாமல் வடிகட்டியாகவே வேலை செய்கிறது. பெடல் இல்லாதவர்கள், ஆம்ப் பிளக்-இன்னுக்கு முன்னால் ஓர் ஈக்யூவை வைத்து, 120 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் எங்கேனும் தாழ்ந்த ஒலிகளை வெட்டிப் பார்க்கலாம். டிஸ்டார்ஷனை அணைத்துக் கேட்டால் கிட்டார் தகர டப்பாபோல ஒலிக்கும், பயப்பட வேண்டியதில்லை. இழந்த கனத்தை ஆம்புக்குப் பின்னால் உள்ள ஈக்யூவில் ஓரளவு மீட்கலாம், மிச்சத்தைப் பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும்.

இன்டர்ஃபேஸில் செருகும் இடத்திலும் ஒரு கண் வேண்டும். சாதாரண பிக்கப்புக்கு ஏறத்தாழ 1 மெகா ஓம் மின்மறுப்பு உள்ள ‘இன்ஸ்ட்ருமென்ட்’ உள்ளீடு தேவை. 10 கிலோ ஓம் அளவிலான ‘லைன்’ உள்ளீட்டில் செருகினால் உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும், பிறகு டிரெபிளை ஏற்றி ஈடுகட்ட முடியாது. பதியும் அளவு உச்சத்தில் −12 டெசிபலை ஒட்டி இருந்தால் போதும்.

ஹம் என்னும் உறுமல் பழைய வீடுகளில் தனிக் கதை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவதால், அதன் காந்தப்புலத்தை ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்து 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று உறுமலாகத் தருகிறது. டியூப் லைட்டின் சோக், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின்வெட்டின்போது ஓடும் சதுர அலை இன்வெர்ட்டர் ஆகியவை இதில் கரகரப்பையும் கூட்டுகின்றன. உறுமல் பின்னணியில் கிடக்கும் தனி இரைச்சல் என்று நினைத்து, சிறு ஒலிகளை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. சுரங்கள் ஒன்றோடொன்று கலப்பதைப் போலவே, டிஸ்டார்ஷனுக்குள் போகும் உறுமலும் சுரங்களோடு கலந்து சேர்க்கைகளை முளைக்கச் செய்யும். நாய்ஸ் கேட் வாசிப்புக்கு இடையிலான மௌனத்தைத்தான் சுத்தம் செய்யும், வாசிப்பை அல்ல. எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களால் உறுமலை அழிக்கும் ‘ஹம்பக்கர்’ பிக்கப்பை கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1950-களின் நடுவில் உருவாக்கியது இந்தத் தொல்லைக்காகத்தான். அது இல்லாதவர்கள் விசிறியை நிறுத்தி, மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டி, கிட்டாரோடு உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பிப் பார்த்தால், உறுமல் குறையும் ஒரு திசை தட்டுப்படும். பங்குனி சித்திரையில் விசிறி இல்லாமல் பதிவது தவம்தான். எர்த் இணைப்பைத் துண்டித்தால் உறுமல் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. அது உயிருக்கு உலை வைக்கும். பழைய வயரிங் உள்ள வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பதே முறை.

வெட்டுப்பட்ட அலை அப்படியே காதுக்கு வந்தால் தகரத்தைக் கிழிப்பதுபோல இருக்கும். அதை மனிதர் கேட்கத்தக்கதாக மாற்றுவது ஸ்பீக்கர். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்து விழுந்துவிடுகிறது. வீட்டு ஸ்டீரியோவில் குறையாகக் கருதப்படும் இந்தப் பண்பு இங்கே வரமாகிறது. மென்பொருள் வழியில் பதிகிறவர்கள் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிப்பண்பைத் தாங்கிய ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ எனப்படும் கேபினெட் கோப்பைச் சேர்க்காமல் விட்டாலோ, தெரியாமல் இரண்டு முறை சேர்த்தாலோ முறையே சீறலும் மந்தமும் வரும். ஆம்பை எவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதைவிட அதிக நேரத்தைக் கேபினெட் கோப்பைத் தேர்வதில் செலவிடலாம் என்பது என் கருத்து. ஒலியின் முகமே அதில் மாறுகிறது. மென்பொருளில், உள்ளே அதிக மாதிரிகளோடு கணக்கிடும் ‘ஓவர்சாம்பிளிங்’ என்ற விருப்பம் இருந்தால் இறுதிப் பதிவில் அதை இயக்குவது நல்லது. நொடிக்கு 44,100 மாதிரிகளில் பதியும்போது, கடைசி ஃப்ரெட்டுகளில் எழும் 1,200 ஹெர்ட்ஸ் அளவிலான சுரத்தின் 35-ஆவது மேற்சுரம் 42,000 ஹெர்ட்ஸில் நிற்க இடமில்லாமல் மடங்கி, 2,100 ஹெர்ட்ஸில் வந்து விழும். அது அந்தச் சுரத்தின் மேற்சுர வரிசையில் இல்லாத அந்நியன்.

உண்மையான ஆம்பையும் மைக்கையும் வைத்துப் பதிகிறவர்கள், 1965 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம்.57 போன்ற ஒரே மைக்கோடு நிறுத்திக்கொள்வது நலம். ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் ஒலி கூர்மையாகவும், ஓரத்துக்கு நகர நகர மந்தமாகவும் இருக்கும். இரண்டு விரற்கடை நகர்த்தினால் கிடைக்கும் மாற்றத்தை ஈக்யூவில் கொண்டுவர இயலாது. இரண்டாவது மைக்கை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்து இரண்டையும் சம அளவில் கலந்தால், ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டால் 570 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிட் பகுதியின் நெஞ்சு அது.

அறையைப் பற்றிச் செட்டிநாட்டில் பேசாமல் இருக்க முடியாது. தரையில் ஆத்தங்குடி டைல்ஸ், சுவரில் முட்டைவெள்ளை சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, பர்மாத் தேக்குக் கதவு: ஒலியை உறிஞ்சக் கூடியது என்று ஒன்றுமே இல்லை. மாடி அறையில் கைதட்டினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ‘டர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் ஓடும். மைக்கை ஸ்பீக்கரை ஒட்டி வைத்துப் பதியும்போதும், நேரடியாகக் கணினியில் பதியும்போதும் இந்த எதிரொலி பதிவைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கெடுவது நம் தீர்ப்பு. ஸ்பீக்கரில் கேட்டு டோனை முடிவு செய்தால், அறையின் உறுமலுக்கு ஈடாகப் பதிவின் பேஸைத் தவறாகக் குறைத்துவிடுவோம். சுவரில் கண்டாங்கிச் சேலைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அழகாக இருந்தது, அவ்வளவுதான். மெல்லிய துணி மிக உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் மட்டுப்படுத்துமேயன்றி, நான்கு மீட்டர் அலைநீளமுள்ள ஆறாம் தந்தியின் 82 ஹெர்ட்ஸை அது கண்டுகொள்வதே இல்லை. வீட்டில் அடுக்கிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளை மூலைகளில் நிமிர்த்தி வைத்ததும், உள்ளவற்றில் அதுவே உருப்படியான பலனைத் தந்தது. மற்றபடி ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிக் கேட்பதே கையிலிருக்கும் வழி. வளவின் இயற்கையான ரீங்காரம் டிஸ்டார்ஷன் இல்லாத கிட்டாருக்கும் குரலுக்கும் அருமை. டிஸ்டார்ஷன் கார்டுகளுக்கு அது கலங்கலின்மேல் கலங்கல்.

பெரிய ஒலி வேண்டும் என்ற ஆசையைக் கெயினால் அல்ல, எண்ணிக்கையால் தீர்க்கலாம். ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடப்புறமும் மற்றதை முழுக்க வலப்புறமும் வைத்தால், இரு டேக்குகளின் சின்னஞ்சிறு வேறுபாடுகளே அகலமாக மாறுகின்றன. ஒரே டேக்கை நகலெடுத்து இரு பக்கமும் போட்டால் அது நடுவில் ஒரே கிட்டாராகத்தான் கேட்கும், சத்தம் மட்டும் கூடும். இரண்டு டேக்குகளின் டிஸ்டார்ஷனும் கூடிக் கேட்பதால், ஒவ்வொன்றிலும் கெயினை இன்னும் குறைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ட்யூனரைப் பார்ப்பது கட்டாயம்; பிற்பகல் வெக்கையில் மாடி அறையில் தந்திகள் அரை மணி நேரம்கூடச் சொன்ன இடத்தில் நிற்பதில்லை.

இறுதிக் கலவையில் ஈக்யூவுக்கு மிஞ்சும் வேலை குறைவே: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 9,000-க்கு மேலேயும் வெட்டிவிட்டு, 250 ஹெர்ட்ஸை ஒட்டிய தடிப்பையும் 3,000-க்கு மேலான குத்தலையும் காது கேட்டபடி இலேசாகக் குறைத்தால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் காப்பாக, ஆம்ப் மென்பொருளுக்குள் போகும் முன்புள்ள தூய கிட்டார் ஒலியை எப்போதும் தனி டிராக்காகப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு, பழைய பாட்டு ஒன்றின் அத்தகைய டிராக்கை எடுத்து, முன்னால் 150 ஹெர்ட்ஸில் வெட்டி, கெயினைப் பாதியாக்கி மீண்டும் ஓடவிட்டேன். அதுவரை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்த காந்தாரம் தெளிவாகக் கேட்டது. அது அன்று ட்யூன் தவறியிருந்ததும் அதே தெளிவோடு கேட்டது.